இங்கிலாந்தில் பாய்மரப் படகுப் பந்தயம்: படகு வாங்காமல் தொடங்குவது எப்படி?

பாய்மரப் படகுப் பந்தயம் என்றாலே பணக்காரர் விளையாட்டு என்று ஒதுங்கிக்கொள்கிறவர்கள் நம்மில் அதிகம். அது பாதிதான் உண்மை. முப்பதடிப் படகு ஒன்றைச் சொந்தமாக வைத்துப் பந்தயத்தில் விடுவது காசைக் கரைக்கிற வேலை, சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் படகை ஓட்ட ஆறேழு பேர் வேண்டும். சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் எழுந்து வரவேண்டும், மழையில் நனையவேண்டும். அதனால் படகுக்காரர்களுக்கு எப்போதும் ஆள் பஞ்சம். நமக்கு வழி அங்கேதான் இருக்கிறது.

நான் தொடங்கிய காலத்தில் இதையெல்லாம் எடுத்துச் சொல்ல ஆளில்லை. எந்தப் படிவம் எதற்கு, எந்தச் செலவு கட்டாயம், எது வெறும் விற்பனைப் பேச்சு என்று தெரியாமல் நிறையத் திண்டாடினேன். சிறு டிங்கியில் ஆரம்பித்து, முழங்கால் முரண்டு பிடிக்கத் தொடங்கியதும் கீல்போட்டுக்கு மாறி, இன்றுவரை விடாமல் ஓட்டிக்கொண்டிருக்கும் சாதாரண அமெச்சூர் நான். லண்டனிலும் தெற்கு இங்கிலாந்திலும் இருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். தொகைகள் தோராயமானவை. இடத்துக்கு இடம் மாறும்.

1. டிங்கியா, கீல்போட்டா?

டிங்கி சின்னப் படகு. ஒருவரோ இருவரோ ஓட்டுவது. அது சாயாமல் இருக்க நம் உடம்பைத்தான் வெளியே தள்ளி எடை கொடுக்கவேண்டும். கவிழும். கவிழ்ந்தால் நாமே நிமிர்த்திக்கொண்டு ஏறவேண்டும். கீல்போட்டின் அடியில் ஈயத்தாலோ இரும்பாலோ ஆன கனமான கீல் தொங்கும். அதனால் லேசில் கவிழாது. இருவர் ஓட்டும் ஃப்ளையிங் ஃபிஃப்டீன், ஸ்க்விப் தொடங்கி, நாலைந்து பேர் ஓட்டும் ஜே/70, பெரிய யாட் வரைக்கும் இந்த வகைதான்.

முழங்காலும் முதுகும் ஒத்துழைக்கும் என்றால் டிங்கியில் தொடங்குங்கள். காரணம் எளிது. டிங்கி நாம் செய்த தவற்றை அந்த நிமிடமே காட்டிக்கொடுத்துவிடும். காற்று திடீரென ஏறும்போது பாயின் கயிற்றை விடத் தாமதித்தால் அடுத்த நொடி தண்ணீருக்குள் இருப்பீர்கள். கீல்போட்டில் வருடக்கணக்காக வந்தும் ஒரே ஒரு கயிற்றை மட்டும் இழுத்துக்கொண்டு, படகு ஏன் திரும்புகிறது என்றே தெரியாதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நீச்சல் வீரராக இருக்கத் தேவையில்லை. மிதவை அங்கியோடு தண்ணீரில் விழுந்தால் பதறாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

2. பயிற்சி

இங்கிலாந்துக் கடலில் சொந்தப் பொழுதுபோக்குக்காகச் சிறு பாய்மரப் படகு ஓட்ட எந்த லைசென்ஸும் சட்டப்படி தேவையில்லை. இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ‘இந்தச் சான்றிதழ் இல்லாமல் ஓட்டவே முடியாது’ என்று யாராவது ஒரு கோர்ஸை விற்க வந்தால் நம்பவேண்டாம். தேம்ஸின் மேல்பகுதி, கால்வாய்கள் போன்ற உள்நாட்டு நீர்வழிகளில் படகைப் பதிவு செய்து கட்டணம் கட்டவேண்டியிருக்கும். ஆனால் அது படகுக்கு, ஓட்டுபவருக்கு அல்ல.

சட்டம் கேட்கவில்லை என்பதற்காகப் பயிற்சி இல்லாமல் இறங்கிவிடாதீர்கள். ராயல் யாட்டிங் அசோசியேஷன், எல்லோரும் சொல்வதுபோல் ஆர்.ஒய்.ஏ, அங்கீகரித்த பயிற்சி மையங்கள் நாடு முழுக்க உண்டு. டிங்கிக்குத் தொடக்கத்தில் லெவல் 1, லெவல் 2 என்று இரண்டு படி. ஒவ்வொன்றும் இரண்டு நாள். ஒவ்வொரு லெவலுக்கும் 200 முதல் 300 பவுண்டு வரை ஆகும். லெவல் 2 முடித்தால் மிதமான காற்றில் தனியாகச் சுற்றி வரலாம்.

லண்டனில் இருப்பவர்களுக்கு ஹீத்ரோ அருகே குயீன் மேரி நீர்த்தேக்கம், சிங்ஃபோர்டில் கிங் ஜார்ஜ் நீர்த்தேக்கம், கிழக்கே மில்வால் டாக் எல்லாம் இருக்கின்றன. நம்மவர்கள் நிறைய இருக்கும் வெம்ப்ளிக்குப் பக்கத்திலேயே வெல்ஷ் ஹார்ப் நீர்த்தேக்கம் இருக்கிறது. பல வருடம் அதன் கரையில் நடைப்பயிற்சி போயும் அங்கே பாய் விரிக்கிறார்கள் என்று கவனிக்காதவர்கள் உண்டு.

கவனிக்க வேண்டியவை: தனியார் மையத்தைவிட கிளப் நடத்தும் பயிற்சி பெரும்பாலும் மலிவு. சில கிளப்களில் பயிற்சிக் கட்டணத்தோடு அந்த சீசன் முடியும்வரை உறுப்பினர் உரிமையும் சேர்ந்து வரும், கேட்டுப் பாருங்கள். லெவல் 2 முடிந்ததும் உடனே லெவல் 3-க்குப் பணம் கட்டாதீர்கள். அந்தப் பணத்தில் ஒரு சீசன் பந்தயம் ஓட்டுங்கள். பந்தயத்தில் முன்னால் போகிற படகு என்ன செய்கிறது என்று பார்த்துக் கற்பதை எந்த வகுப்பும் தராது. அப்புறம், காம்பிட்டன்ட் க்ரூ என்ற ஐந்து நாள் கோர்ஸ் நல்ல கோர்ஸ்தான், ஆனால் அது யாட்டில் ஊர் சுற்றப் போகிறவர்களுக்கானது. பந்தயத்துக்கு அது இல்லாமலே போகலாம்.

3. கிளப்பில் சேர்வது

இணையத்தில் படிவம் நிரப்புவதற்கு முன் பந்தய நாளன்று நேரில் போய்ப் பாருங்கள். கரையில் எத்தனை படகு தூங்குகிறது, தண்ணீரில் எத்தனை இறங்குகிறது என்று எண்ணினாலே அந்த கிளப்பின் ஜாதகம் தெரிந்துவிடும். நூறு படகு நிறுத்தியிருந்து எட்டுப் படகு மட்டும் பந்தயத்துக்கு இறங்கினால் அது தேநீர் கிளப்.

சாதாரண டிங்கி கிளப்களில் ஆண்டுச் சந்தா சில நூறு பவுண்டுக்குள் முடியும். அதற்கு மேல் சேர்க்கைக் கட்டணம், படகு நிறுத்தும் கட்டணம் என்று தனித்தனியாக வரும். மூன்றையும் கூட்டிக் கேளுங்கள். மாணவர், 25 அல்லது 30 வயதுக்கு உட்பட்டவர், குடும்பம் என்று தள்ளுபடிகள் பல கிளப்களில் உண்டு. ஆனால் அவர்களாகச் சொல்லமாட்டார்கள். சீசன் பாதியில் சேர்ந்தால் சந்தாவில் பாதி குறைப்பார்களா என்பதையும் கேட்கலாம்.

பழைய யாட் கிளப்கள் சிலவற்றில் ஏற்கெனவே உறுப்பினராக இருக்கும் இருவர் முன்மொழிந்து, வழிமொழிய வேண்டும். யாரையும் தெரியாதே என்று தயங்காதீர்கள். நாலு வாரம் யாராவது ஒருவரின் படகில் ஆளாகப் போனால் அவரே கையெழுத்துப் போடுவார்.

முக்கியமான பொறி ஒன்று இருக்கிறது, ட்யூட்டி. பெரும்பாலான கிளப்களில் ஒவ்வொரு உறுப்பினரும் வருடத்தில் சில நாள் பந்தயம் நடத்தவோ பாதுகாப்புப் படகில் இருக்கவோ வேண்டும். தேதி போட்டுப் பட்டியல் வரும். வர முடியாவிட்டால் நாமே மாற்று ஆள் பிடித்துத் தரவேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டால் பெயர் கெட்டுவிடும், சில இடங்களில் அபராதமும் உண்டு. ஆனால் புதியவர்கள் ட்யூட்டியை வலியக் கேட்டு வாங்கவேண்டும் என்பேன். பந்தயக் குழுவின் படகில் உட்கார்ந்து பத்துக் கிளம்பல்களைப் பார்த்தால், யார் ஏன் முன்னால் போகிறார் என்பது மேலிருந்து பார்ப்பதுபோல் தெளிவாகத் தெரியும்.

முதல் நாள் அந்தக் கூடத்தில் நம் முகம் தனியாகத் தெரியும். அதற்காகக் கூச்சப்பட வேண்டாம். பேச்சைத் தொடங்க இந்த நாட்டில் வானிலையைவிட நல்ல விஷயம் கிடையாது, அதிலும் பாய்மரக்காரர்களிடம். பாரில் தேநீர் வாங்கிக் குடித்தாலும் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

4. உடை: இங்கே கஞ்சத்தனம் வேண்டாம்

மே மாத வெயிலைப் பார்த்து ஏமாறாதீர்கள். தெற்குக் கரையில் கடல் பிப்ரவரி, மார்ச்சில் 8 டிகிரி அளவுக்குக் குளிர்ந்திருக்கும், ஆகஸ்டில்தான் 17, 18-ஐத் தொடும். 15 டிகிரிக்குக் குறைவான தண்ணீரில் திடீரென விழுந்தால் மூச்சு வாரி இழுக்கும், நிறுத்த முடியாது. அப்போது நீந்தப் பார்க்காமல், முகத்தை மேலே வைத்து மிதந்துகொண்டே மூச்சு சீராகும்வரை ஓரிரு நிமிடம் பொறுக்கவேண்டும். உயிர்காப்புப் படகுச் சேவையான ஆர்.என்.எல்.ஐ திரும்பத் திரும்பச் சொல்லும் பாடம் இதுதான்.

டிங்கிக்குத் தேவையானவை: மிதவை அங்கி, 50 நியூட்டன் (மிதக்கவைக்கும் விசையின் அளவு), 50 முதல் 80 பவுண்டு. உடம்போடு ஒட்டிக் குளிரைத் தடுக்கும் வெட்சூட் 100 முதல் 200. காலுறை பூட் 30, 40. விரல் நுனி வெட்டிய கையுறை 20. குளிர்காலத்திலும் ஓட்டுவதென்றால் தண்ணீர் உள்ளே புகாத ட்ரைசூட் 300-க்கு மேல். ட்ரைசூட்டைப் பழையதாக வாங்கினால் கழுத்து, மணிக்கட்டு ரப்பரை இழுத்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் மாற்றும் செலவு தனி. பருத்தி ஜீன்ஸ், பருத்தி டி-ஷர்ட் எதுவும் கூடாது. கண்ணாடி போடுபவர்கள் அதற்கு ஒரு பட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

தானாகக் காற்று நிரப்பிக்கொள்ளும் 150 நியூட்டன் லைஃப் ஜாக்கெட் கீல்போட்டுக்கு உரியது. விலை அதிகம் என்பதால் அதுதான் பாதுகாப்பானது என்று நினைத்து டிங்கிக்கு வாங்கிவருகிறவர்கள் உண்டு. டிங்கி கவிழ்ந்ததும் அது வெடித்து நிரம்பி, பாய்க்கு அடியிலிருந்து வெளியே வரவிடாமல் உங்களை மேலே அழுத்தும். இரண்டுக்கும் ஒன்றே போதும் என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும் கேட்காதீர்கள்.

5. ஆள் தேடும் படகைப் பிடிப்பது

கிளப்பின் பந்தயச் செயலாளருக்கு ஒரு மின்னஞ்சல் போதும். நீளமாக எழுதவேண்டாம். பெயர், எடை, என்ன பயிற்சி முடித்திருக்கிறீர்கள், எந்தெந்த நாள் நிச்சயமாக வரமுடியும். எடையைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. பல கீல்போட் வகைகளில் மொத்த ஆட்களின் எடைக்கு உச்சவரம்பு இருக்கிறது. ஒல்லியாக இருப்பவருக்கு அங்கே தனி மவுசு. காற்று பலமான நாளில் கனமானவருக்கு மவுசு. ஆக, யாரும் வருத்தப்படத் தேவையில்லை.

‘நிச்சயமாக’ என்ற சொல்லைக் கவனியுங்கள். புதியவரிடம் திறமையை யாரும் எதிர்பார்ப்பதில்லை. சொன்ன நேரத்துக்கு வருகிறாரா என்றுதான் பார்ப்பார்கள். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு பான்டூனில் (மிதக்கும் படகுத்துறையில்) என்று செய்தி வந்தால் எட்டே முக்காலுக்கு அங்கே நில்லுங்கள். முந்தின இரவு ‘ஒரு கல்யாணம் வந்துவிட்டது’ என்று செய்தி அனுப்பினால் அத்தோடு சரி. நம் வீட்டு விசேஷங்களின் தேதிகளைச் சீசன் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். அடிப்பகுதி கறை போடாத, வழுக்காத ஷூ போடுங்கள். பந்தயம் முடிந்து கரைக்கு வந்தபின் பாயை மடித்துக் கட்டும்வரை நில்லுங்கள். மழையில் மற்றவர்கள் பாருக்கு ஓடும்போது பாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவரை எந்தப் படகுக்காரரும் மறக்கமாட்டார். பெரும்பாலும் ஆட்களிடம் பணம் வாங்குவதில்லை. சாப்பாட்டுக்கோ பந்தய வாரத்தில் தங்குமிடத்துக்கோ பங்கு கேட்கலாம். எவ்வளவு என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

கத்துகிற கேப்டன் கிடைத்தால்? காற்றும் பாயும் படபடக்கிற சத்தத்தில் கொஞ்சம் குரல் உயர்வது சகஜம். ஆனால் கரைக்கு வந்தபிறகும் திட்டுகிறார் என்றால் வேறு படகு பாருங்கள். ஆள் பஞ்சம் அவருக்குத்தான், உங்களுக்கு இல்லை.

6. விதிகள்: முதலில் எவ்வளவு போதும்?

பாய்மர விளையாட்டின் உலக அமைப்பான வேர்ல்ட் செய்லிங் வெளியிடும் பந்தய விதிப்புத்தகம் நாலு வருடத்துக்கு ஒருமுறை மாறும். இப்போது நடப்பில் இருப்பது 2025–2028 பதிப்பு. பழைய பதிப்பை யாராவது இலவசமாகத் தந்தால் வாங்கவேண்டாம், எண்கள் மாறியிருக்கின்றன. வேர்ல்ட் செய்லிங் தளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

முழுப் புத்தகத்தையும் படித்துவிட்டு வருகிறேன் என்று உட்கார்ந்தால் வரவேமாட்டீர்கள். இவற்றை மட்டும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். இடப்பக்கம் காற்று வாங்கும் படகு, வலப்பக்கம் காற்று வாங்கும் படகுக்கு வழிவிட வேண்டும் (விதி 10). ‘ஸ்டார்போர்ட்!’ என்று ஒருவர் கத்தினால் அவர் சொல்வது இதுதான். ஒரே பக்கம் காற்று வாங்கிக்கொண்டு இரு படகு அருகருகே போனால், காற்று வரும் பக்கம் இருப்பது விலகவேண்டும் (விதி 11). பின்னால் வருவது முன்னால் போவதற்கு வழிவிட வேண்டும் (விதி 12). பந்தயப் பாதையைக் காட்டும் மிதவையைச் சுற்றும்போது மூன்று படகு நீளத்துக்குள் வந்தாயிற்று, உள்பக்கம் ஒரு படகு உங்களோடு ஒட்டி வருகிறது என்றால் அதற்கு இடம் கொடுங்கள் (விதி 18). இதில் விதிவிலக்குகள் ஏராளம், பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

தவறு உங்களுடையது என்றால் உடனே விலகிப்போய்ப் படகை வட்டமாக இரண்டு முழுச் சுற்று சுற்றவேண்டும். மிதவையைத் தொட்டுவிட்டால் ஒரு சுற்று. வாக்குவாதம் செய்வதைவிடச் சுற்றிவிட்டுப் போவது வேகமானது.

எதிராளி தவறு செய்தும் சுற்றவில்லை என்றால் ‘ப்ரொடெஸ்ட்’ என்று அப்போதே உரக்கச் சொல்லவேண்டும். படகு 6 மீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் சிவப்புக் கொடியும் காட்டவேண்டும். கரைக்கு வந்து யோசித்துவிட்டு எழுதிக்கொடுத்தால் செல்லாது. எழுத்து மனுவுக்கும் கால வரம்பு உண்டு. கடைசிப் படகு முடித்த இரண்டு மணி நேரம் என்பது பொது வழக்கம், கிளப் அதைக் குறைத்திருக்கலாம்.

7. கிளம்பும் அந்த ஐந்து நிமிடம்

பந்தயத்தின் பாதி இங்கேயே தீர்ந்துவிடுகிறது. இரண்டு மிதவைகளுக்கு நடுவே, அல்லது ஒரு மிதவைக்கும் குழுவின் படகுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு. ஐந்து நிமிடம் இருக்கும்போது வகுப்புக் கொடி, அதாவது உங்கள் படகு வகைக்கான கொடி, ஏறும். நாலு நிமிடத்தில் நீலத்தின் நடுவே வெள்ளைச் சதுரம் போட்ட ‘பி’ கொடி ஏறும். ஒரு நிமிடத்தில் அந்த ‘பி’ இறங்கும். பூஜ்யத்தில் வகுப்புக் கொடி இறங்கினால் ஓடலாம். சில கிளப்கள் ஐந்துக்குப் பதில் மூன்று நிமிடக் கணக்கு வைத்திருக்கும். அன்றைய பந்தயக் குறிப்பில் போட்டிருப்பார்கள்.

ஹார்ன் சத்தத்தை நம்பிக் கடிகாரத்தை அழுத்தாதீர்கள். சட்டப்படி கணக்கு கொடிக்குத்தான். சத்தம் வராமலே போனாலும் கொடி ஏறியது ஏறியதுதான்.

கோட்டைத் தாண்டி முன்கூட்டியே போய்விட்டால் வெள்ளையில் நீலச் சிலுவை போட்ட ‘எக்ஸ்’ கொடி ஏறும். திரும்பிவந்து கோட்டுக்குப் பின்னால் போய் மறுபடி கிளம்ப வேண்டும். திரும்பாமல் ஓடினால் முதலாவதாக வந்தாலும் கடைசியாகக்கூட எண்ணமாட்டார்கள். எல்லோருமே தாண்டிவிட்டால் பொதுத் திரும்பழைப்பு, முதலிலிருந்து.

குழுப் படகு நிற்கும் வலது முனையில்தான் எல்லோரும் முட்டிமோதுவார்கள். காற்று வரும் பக்கத்திலிருந்து அந்த இடுக்கில் நுழையப் பார்க்கிற படகுக்கு அங்கே எந்த உரிமையும் கிடையாது. பிள்ளையார் கோயில் வாசலில் சுண்டலுக்கு நிற்கிற கூட்டம் மாதிரி இருக்கும், புதியவர் அங்கே போகக்கூடாது. கோட்டின் நடுப்பகுதியில், மற்றவர்களுக்கு ஒரு படகு நீளம் பின்னால், ஆனால் வேகத்தோடு கிளம்புங்கள். கோட்டின் மேலே நின்றுகொண்டு பாய் படபடக்கக் காத்திருப்பவரை அந்த வேகத்தில் தாண்டிவிடலாம்.

கிளம்பும் முன் நான் விடாமல் செய்வது ஒன்று: கோட்டின் நடுவே படகை நேராகக் காற்றுமுகத்துக்குத் திருப்பி, ஒரு நொடி நிறுத்திப் பார்ப்பேன். படகின் மூக்கு எந்த முனைப் பக்கம் அதிகம் சாய்ந்து நிற்கிறதோ அந்த முனை காற்றுக்கு நெருக்கம், அதாவது அங்கிருந்து கிளம்பினால் தூரம் குறைவு. கருவி எதுவும் வேண்டியதில்லை.

8. ‘நான் முன்னால் வந்தேனே, ஏன் ஏழாவது?’

கிளப் பந்தயங்களில் பலவகைப் படகுகள் ஒன்றாக ஓடும். அதனால் டிங்கிகளுக்கு போர்ட்ஸ்மத் யார்ட்ஸ்டிக் என்ற எண் உண்டு. எடுத்துக்கொண்ட நேரத்தை ஆயிரத்தால் பெருக்கி அந்த எண்ணால் வகுப்பார்கள். ஒருவர் ஓட்டும் ஐ.எல்.சி.ஏ 7 என்ற டிங்கியின் எண் 1100-ஐ ஒட்டியது. அதில் 55 நிமிடம் எடுத்தால் கணக்கில் 50 நிமிடம். எண் பெரிதாக இருந்தால் மெதுவான படகு என்று அர்த்தம், அதிகச் சலுகை. பெரிய கீல்போட்களுக்கு ஐ.ஆர்.சி என்ற வேறு முறை, அதில் நேரத்தை ஒரு குணகத்தால் பெருக்குவார்கள். புள்ளி, முதலிடத்துக்கு 1, இரண்டாமிடத்துக்கு 2. குறைவான புள்ளிக்காரர் ஜெயிப்பார். தொடரில் மோசமான சில பந்தயங்களைக் கழித்துவிடுவார்கள், அதனால் எல்லா வாரமும் வரமுடியாதவருக்கும் வாய்ப்பு உண்டு.

9. காகிதங்கள்

காப்பீடு: சொந்தப் படகு இருந்தால் மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் எந்த கிளப்பும் பந்தயத்தில் விடாது. குறைந்தது 30 லட்சம் பவுண்டுக்கு இருக்கவேண்டும் என்பது பரவலான நிபந்தனை. சில இடங்களில் இன்னும் அதிகம் கேட்பார்கள். டிங்கிக்கு வருடப் பிரீமியம் 100 பவுண்டை ஒட்டி வரும். பாலிசியில் ‘பந்தயமும் அடங்கும்’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள், பாய்மரமும் பாயும் பந்தயத்தில் உடைந்தால் தருவார்களா என்பதையும் தனியாகக் கேளுங்கள். பொறி அந்த இடத்தில்தான் இருக்கும்.

பந்தய அறிவிப்பு, பந்தயக் குறிப்பு: இரண்டும் வேறு வேறு. முதலாவது யார் சேரலாம், கட்டணம் எவ்வளவு, கடைசித் தேதி எது என்று சொல்லும். இரண்டாவது அன்றைய பாதை, கொடி, கால வரம்பு. பெரிய போட்டிகளில் கடைசித் தேதிக்கு முன் கட்டினால் நல்ல தள்ளுபடி உண்டு.

கையெழுத்துப் பட்டியல்: தண்ணீரில் இறங்கும் முன் ஒரு கையெழுத்து, ஏறியபின் ஒரு கையெழுத்து. பந்தயத்தைப் பாதியில் விட்டுவிட்டு நேராக வீட்டுக்குப் போகாதீர்கள். உங்களைக் காணவில்லை என்று பாதுகாப்புப் படகு தேடிக்கொண்டிருக்கும்.

அமெச்சூர் வகைப்பாடு: சில கீல்போட் போட்டிகளில் வேர்ல்ட் செய்லிங் தரும் வகைப்பாடு கேட்பார்கள். குரூப் 1 என்றால் அமெச்சூர், குரூப் 3 என்றால் தொழில்முறை. படகுத் தொழிலில் வேலை பார்ப்பவர்கள் விண்ணப்பத்தை முன்கூட்டியே போடவேண்டும். கேள்விகள் திரும்பி வரும்.

விசா: மாணவர் விசாவில் இருப்பவர்கள் காசு வாங்காமல் பந்தயத்தில் போவதில் சிக்கல் இல்லை. ஆனால் கோடை விடுமுறையில் செய்லிங் கற்றுக்கொடுத்துச் சம்பளம் வாங்க நினைக்காதீர்கள். தொழில்முறை விளையாட்டு வீரராகவோ பயிற்சியாளராகவோ வேலை செய்ய அந்த விசாவில் தடை இருக்கிறது.

வி.எச்.எஃப் ரேடியோ: கீல்போட்டில் ரேடியோவை இயக்க ஷார்ட் ரேஞ்ச் சான்றிதழ் வேண்டும், ஒரு நாள் படிப்பு. ஆபத்து நேரத்தில் மட்டும் யார் வேண்டுமானாலும் சேனல் 16-ல் பேசலாம். பிள்ளைகளுக்குப் பெற்றோர் கையெழுத்துப் படிவம் ஒவ்வொரு போட்டிக்கும் தனித்தனியாக வேண்டும், அச்செடுத்துப் பையில் வைத்திருங்கள்.

10. சொந்தப் படகு: எப்போது, எதை?

ஒரு சீசன் முழுக்க மற்றவர் படகிலோ கிளப் படகிலோ ஓட்டியபிறகுதான். கிளப்பில் எது அதிகம் ஓடுகிறதோ அதை வாங்குங்கள். உலகத்திலேயே சிறந்த படகானாலும் உங்கள் கிளப்பில் அது ஒன்றே ஒன்று இருந்தால் யாரோடு போட்டி போடுவீர்கள்? தனியாக ஓட்ட ஐ.எல்.சி.ஏ, முன்பு லேசர் என்ற பெயரில் இருந்ததுதான், எங்கும் கிடைக்கும். 80 கிலோவை ஒட்டியவருக்கு ஐ.எல்.சி.ஏ 7. 60, 65 கிலோ என்றால் அதே உடலில் சின்னப் பாய் போட்ட ஐ.எல்.சி.ஏ 6. புதிது ஏழாயிரம் பவுண்டை நெருங்கும், பழையது ஆயிரத்திலிருந்து கிடைக்கும்.

பழைய படகைப் பார்க்கப் போனால் முதலில் அதைத் தூக்கிக் குலுக்குங்கள். உடல் 59 கிலோதான் இருக்கவேண்டும். உள்ளே தண்ணீர் சலசலத்தால் விலையைப் பேசவே வேண்டாம். அடுத்து பாய்மரம் நிற்கும் குழிக்குள் தண்ணீர் ஊற்றி கால் மணி நேரம் பாருங்கள், குறைந்தால் அங்கே கசிவு. அந்த இடம் விட்டுப்போனால் ஓட்டத்தின் நடுவே மரம் மேல்தளத்தைக் கிழித்துக்கொண்டு சாயும். டெக்கின் மேல் நடந்து பாருங்கள், பஞ்சுபோல் அமுங்கக்கூடாது. தள்ளுவண்டி, மேல் உறை, சுக்கான், நடுப்பலகை எல்லாம் விலையில் அடக்கமா என்று எழுதி வாங்குங்கள். காருக்கு இருப்பதுபோல் உரிமையாளரைக் காட்டும் கட்டாயப் பதிவு டிங்கிக்குக் கிடையாது. ஆகையால் உடலில் பொறித்த எண், பாயின் எண், விற்றவர் பெயர் போட்ட ரசீதுதான் உங்கள் ஒரே ஆதாரம். அப்புறம், தண்ணீர் வடியும் ஓட்டையை அடைக்கும் பின்பக்கத் தக்கை. இறங்கும் முன் அதைத் திருகியிருக்கிறீர்களா என்று கையால் தொட்டுப் பார்ப்பது பழக்கமாக வேண்டும்.

காரில் இழுத்துப் போவதென்றால்: இந்திய, இலங்கை லைசென்ஸ் இங்கே குடியேறியபின் 12 மாதம்தான் செல்லும். பிரிட்டிஷ் ‘பி’ வகை லைசென்ஸில் 2021 டிசம்பர் முதல் 3,500 கிலோ வரை ட்ரெய்லர் இழுக்கலாம். ட்ரெய்லரின் பின்னால் உங்கள் கார் எண்ணும் விளக்கும் இருக்கவேண்டும். சாலை ட்ரெய்லரைக் கடலில் இறக்காதீர்கள், சக்கர பேரிங் போய்விடும். அதற்குத்தான் தள்ளுவண்டி. மரத்தை நிமிர்த்தும் முன் மேலே மின்கம்பி போகிறதா என்று நிமிர்ந்து பாருங்கள்.

சொந்தக் கீல்போட் பற்றி ஒரே ஒரு வரி: வேண்டாம். படகு விலையில் பத்தில் ஒரு பங்கு ஒவ்வொரு வருடமும் பராமரிப்புக்குப் போகும் என்று பொதுவாகச் சொல்வார்கள். புதுப் பாய் வாங்காத வருடத்துக்குத்தான் அந்தக் கணக்கு. ஆசை அடங்கவில்லை என்றால் மூன்று நாலு பேர் சேர்ந்து பங்கு போடுங்கள். ஒருவர் விலகினால் பங்கை எப்படி மதிப்பிடுவது, யார் எந்த வார இறுதி ஓட்டுவது என்பதை எழுதிக் கையெழுத்திடாமல் பணம் கொடுக்காதீர்கள். நட்பு கெடுவது பெரும்பாலும் பாய் வாங்கும்போதுதான்.

11. எந்த மாதம் என்ன?

ஜனவரி, பிப்ரவரியில் படகுக்காரர்கள் ஆட்கணக்கைச் சரிபார்ப்பார்கள், மின்னஞ்சல் அனுப்ப அதுதான் நேரம். மார்ச்சில் சந்தா புதுப்பிப்பு, சீசன் தொடக்கம். மே முதல் ஆகஸ்ட் வரை வாரநாள் மாலைப் பந்தயம். வேலை முடிந்து நேராக வந்து சேரலாம், புதியவர்களுக்கு மிகவும் தோதானது. ஜூன் வாக்கில் ஐல் ஆஃப் வைட் தீவைச் சுற்றும் ரவுண்ட் தி ஐலண்ட் ரேஸ். 50 கடல்மைல், நூற்றுக்கணக்கில் படகு சேரும், அன்று எல்லோரும் ஆள் தேடுவார்கள். தேதி நீரோட்டத்தைப் பார்த்து வைக்கப்படுவதால் வருடத்துக்கு வருடம் மாறும். ஆகஸ்ட் தொடக்கத்தை ஒட்டி அதே தீவின் கவ்ஸ் ஊரில் கவ்ஸ் வாரம் என்ற பந்தய வாரம், அங்கே தங்குமிடம் தங்க விலை. லண்டன்காரர்களுக்கு ஆகஸ்ட் கடைசியில் எஸ்ஸெக்ஸில் நடக்கும் பர்னம் வாரம் தூரமும் குறைவு, செலவும் குறைவு.

கடலில் ஓட்டுகிறவர்களுக்கு: ஓத அட்டவணை பெரும்பாலும் கிரீனிச் நேரத்தில்தான் அச்சாகியிருக்கும். கோடையில் ஒரு மணி நேரம் கூட்டவேண்டும். கூட்ட மறந்தால் கிளம்பும்போதே நீரோட்டத்துக்கு எதிராக நிற்பீர்கள்.

பழைய படகு வாங்க அக்டோபர், நவம்பர். குளிர்காலத்துக்கு நிறுத்தும் கட்டணம் கட்ட மனமில்லாதவர்கள் விலையைக் குறைப்பார்கள், ஏப்ரலில் அதே படகு ஏறிவிடும். நவம்பரிலிருந்து பல கிளப்களில் குளிர்காலத் தொடர் நடக்கும். டிசம்பர் 26 அன்று நிறைய இடங்களில் ஒரு ஜாலிப் பந்தயம் உண்டு. முந்தின நாள் விருந்தில் பாதிப் பேர் எழுந்திருக்காமல் கிடப்பார்கள் என்பதால் புதியவருக்கும் இடம் சுலபமாகக் கிடைக்கும். ட்ரைசூட் இல்லாவிட்டால் கேட்டுப் பாருங்கள், பழசு ஒன்று யாரிடமாவது இருக்கும்.